ஒரு தீவுக்கு இரண்டு பெயர்

உலகப் படத்தில் 'கிறிஸ்துமஸ் தீவு' என்று தேடிப் பாருங்கள். இரண்டு இடங்கள் வரும். ஒன்று இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானது. இன்னொன்று பசிபிக் பெருங்கடலின் நட்டநடுவில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே. இரண்டுக்கும் நடுவில் பல ஆயிரம் கிலோமீட்டர் தண்ணீர். பிறகு எப்படி ஒரே பெயர்?

1643 டிசம்பர் 25 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர் வில்லியம் மைனர்ஸ் முதல் தீவைக் கடந்து போனார். 1777 டிசம்பர் 24 அன்று ஜேம்ஸ் குக் இரண்டாவது தீவுக்கு வந்து சேர்ந்தார். இருவரும் அன்றைய தேதியைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் காரணம்.

சின்ன வயதில் அட்லஸில் கடலின் நீலத்துக்கு நடுவே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் தீவுப் பெயர்களைத் தேடிப் படிப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பெயர்கள் மலையையும் ஆற்றையும் போல எப்போதும் அங்கேயே இருந்தவை என்றுதான் நினைத்திருந்தேன். படத்தில் இருக்கும் பெயர் பல நேரம் அந்தத் தீவின் முதல் பெயரே இல்லை என்பது வெகு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. உலகின் ஏராளமான தீவுகளுக்குக் குறைந்தது இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, அங்கே வாழ்ந்தவர்களோ அடிக்கடி போய்வந்தவர்களோ வைத்தது. மற்றொன்று, கப்பலில் வந்தவர்கள் வைத்தது. முதல் வகைப் பெயரைப் படித்தால் தீவைப் பற்றி ஏதாவது தெரியும். இரண்டாவது வகையைப் படித்தால் வைத்தவரைப் பற்றித் தெரியும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் உலகப் படத்தையே வேறு மாதிரி படிக்கலாம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

தீவு என்றால் என்ன?

நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் என்று பள்ளியில் படித்தது சரிதான். 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை அதனோடு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கிறது. நிலம் இயற்கையாக உருவாகியிருக்க வேண்டும். கடல் ஏறி நிற்கும் நேரத்திலும் அது தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் மணல்திட்டு இந்தக் கணக்கில் வராது. ஆஸ்திரேலியாவைச் சுற்றியும் கடல்தானே என்று கேட்கலாம். அதைக் கண்டம் என்று வைத்துக்கொள்வது ஒரு வழக்கம். கோட்டை எங்காவது ஓரிடத்தில் போட்டாக வேண்டும். கண்டங்களை விட்டுவிட்டால் சுமார் 21.66 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிரீன்லாந்துதான் உலகின் மிகப் பெரிய தீவு.

எத்தனை தீவுகள் என்ற கேள்விக்கு ஒரு நாட்டுக்குள்ளேயே பதில் மாறும். ஜப்பான் பல ஆண்டுகளாகத் தன்னிடம் 6,852 தீவுகள் இருப்பதாகச் சொல்லிவந்தது. 2023-இல் புதிய மின்னணு வரைபடங்களை வைத்து எண்ணிப் பார்த்தபோது 14,125 என்று வந்தது. நிலம் கூடவில்லை, கணக்குத்தான் துல்லியமானது.

இனி சொல்லுக்கு வருவோம். 'தீவு' என்ற சொல் சமஸ்கிருதத்தின் 'த்வீபம்' என்பதிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. 'இருபுறமும் நீர் உள்ளது' என்று அதற்குப் பொருள். பழந்தமிழில் இந்தியப் பெருநிலத்தையே நாவலந்தீவு என்றார்கள். ஆற்றுக்கு நடுவே இருக்கும் நிலத்துக்குத் தமிழில் தனிச் சொற்களே உண்டு. ஆற்றிடைக்குறை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அரங்கம், துருத்தி என்ற இரண்டுக்கும் அதே பொருள்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவரங்கத்தின் பெயருக்குள் ஒரு தீவு இருக்கிறது. திருப்பூந்துருத்தியிலும் அப்படியே.

இதுபோல ஒவ்வொரு மொழியும் தன் தீவுச் சொல்லை ஊர்ப் பெயர்களுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் தீவுக்கு 'ஷிமா'. ஹிரோஷிமா என்றால் 'அகன்ற தீவு'. ஆற்றின் கழிமுகத் திட்டுகளில் உருவான நகரம் அது. கிரேக்கத்தில் 'நேசோஸ்'. பாலினேசியா 'பல தீவுகள்', மைக்ரோனேசியா 'சிறு தீவுகள்', இந்தோனேசியா 'இந்தியத் தீவுகள்'. வட ஐரோப்பாவின் பழைய நார்ஸில், அதாவது ஐஸ்லாந்து, நார்வே பக்கத்து முன்னோர் மொழியில், 'எய்'. ஜெர்சி, ஆர்க்னி போன்ற பெயர்களின் வாலில் இருப்பது அதுதான். மலாயில் 'புலாவ்'. புலாவ் பினாங்கு என்றால் 'கமுகுத் தீவு'. நம் ஊர்களிலிருந்து அத்தனை பேர் பிழைக்கப் போன பினாங்கு, பாக்கு மரத்தின் பெயரைத் தாங்கியது என்று தெரிந்தபோது எனக்கு அந்த ஊர் கொஞ்சம் நெருக்கமாகிவிட்டது.

போய்வந்தவர்கள் வைத்த பெயர்

மன்னார் வளைகுடாவில், ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 சிறு தீவுகள் உண்டு. அவற்றில் இரண்டின் பெயர்களைக் கேளுங்கள்: நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு. படகில் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள பெயர் வேறென்ன வேண்டும்? பக்கத்திலேயே முயல் தீவு, முள்ளித் தீவு, தலையாரித் தீவு. இந்தப் பெயர்களை வைத்தவர் யாரென்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஒருவர் உட்கார்ந்து வைத்த பெயர்கள் இல்லை இவை. புழங்கிப் புழங்கி ஒட்டிக்கொண்டவை.

உலகம் முழுக்க முதல் வகைப் பெயர்கள் இப்படித்தான். கரீபியக் கடலின் ஜமைக்காவை அங்கே வாழ்ந்த டைனோ மக்கள் 'ஸைமாக்கா' என்றார்கள். மரமும் நீரும் உள்ள நிலம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஹைத்தி என்ற பெயரும் டைனோக்களுடையது. 'உயர்ந்த மலைகளின் நிலம்'. ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஃபேரோ தீவுகளுக்கு 'ஆட்டுத் தீவுகள்' என்பது பெரும்பாலோர் சொல்லும் பொருள். இன்றும் அங்கே மனிதர்களைவிடச் செம்மறியாடுகள் அதிகம். பெயருக்குள்ளேயே 'தீவுகள்' இருப்பதால் 'ஃபேரோ தீவுகள்' என்பது 'ஆட்டுத் தீவுகள் தீவுகள்' ஆகிவிடுகிறது. 'நடுசென்டர்' என்று நாம் பேசுகிற மாதிரிதான்.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்த பெயர் டொமினிக்காவின் பழைய பெயர். கரீபியத் தீவுகளில் ஒன்றான அதில் 1,400 மீட்டருக்கும் மேல் உயரும் எரிமலைச் சிகரம் நிற்கிறது. அங்கு வாழும் கலினாகோ மக்கள் தங்கள் தீவை 'வைட்டுகுபுலி' என்றார்கள். 'அவள் உடல் நெடியது' என்று பொருள். தூரத்தில் படகில் வரும் ஒருவர் அடிவானத்தில் மேகத்தைத் தொட்டு எழுந்து நிற்கும் தீவைப் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். 1493 நவம்பர் 3 அன்று கொலம்பஸ் அந்தத் தீவைப் பார்த்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. லத்தீனில் ஞாயிறைக் குறிக்கும் சொல்லிலிருந்து டொமினிக்கா என்று பெயரிட்டார். நெடிய உடல் கொண்ட ஒருத்தி, ஒரு கிழமையாக மாறிப்போனாள்.

மாலத்தீவையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் தங்கள் நாட்டை 'திவேஹி ராஜ்ஜே' என்கிறார்கள். திவேஹி என்றால் தீவில் வாழ்கிறவர். மொழிக்கும் அதே பெயர். நம்முடைய 'தீவு' என்ற சொல்லின் உறவுதான் அது. கடலுக்கு நடுவே வளையம் போல அமைந்த பவளத் திட்டை இன்று உலகமே 'அட்டால்' என்கிறது அல்லவா? அந்தச் சொல்லும் திவேஹி மொழியின் 'அத்தொளு' என்பதிலிருந்து போனதுதான். கன்னியாகுமரியிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு சின்ன மொழி உலகப் புவியியலுக்கே ஒரு கலைச்சொல்லைக் கொடுத்திருக்கிறது. மாலத்தீவுகள் நம் கல்வெட்டுகளிலும் உண்டு. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' இவைதான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அவர் மகன் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'மாநக்கவாரம்' இன்றைய நிக்கோபார். ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தப் பெயர் அடையாளம் தெரிகிற அளவுக்கு நிற்கிறது.

கப்பலில் வந்தவர்கள் வைத்த பெயர்

கப்பலில் வந்தவர்களுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. வரைபடத்தில் குறிக்க வேண்டும், அதுவும் உடனே. கரையில் இறங்கி யாரிடமாவது கேட்கலாம். மொழி தெரியாது, பல நேரம் இறங்கவும் முடியாது. கேட்க வேண்டும் என்று தோன்றாதவர்களே அதிகம் என்பது இன்னொன்று. அதனால் கைக்கு எட்டியதை வைத்தார்கள்.

முதலில் எட்டியது நாள்காட்டி. 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. டச்சு மாலுமி யாக்கோப் ரோகவேன் தென்பசிபிக்கில் ஒரு தீவைக் கண்டு ஈஸ்டர் தீவு என்று எழுதிக்கொண்டார். பெரும் கற்சிலைகளுக்குப் பெயர்போன அந்தத் தீவை அங்கே வாழும் மக்கள் ராப்பா நுய் என்கிறார்கள்.

அடுத்து எட்டியது முதலாளியின் பெயர். 1598-இல் டச்சுக்காரர்கள் இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவில் இறங்கித் தங்கள் இளவரசர் மொரிட்ஸின் பெயரை வைத்தார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்து 'பிரான்சுத் தீவு' என்றார்கள். 1810-இல் கைப்பற்றிய ஆங்கிலேயர்கள் டச்சுப் பெயரையே திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் அச்சிடும் மொரீஷியஸ்தான் அது. பிலிப்பைன்ஸ் ஸ்பானிய மன்னர் பிலிப்பின் பெயர். 1642-இல் ஏபெல் டாஸ்மன் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே கண்ட தீவுக்குத் தன் மேலதிகாரியான வான் டீமனின் பெயரை வைத்தார். பிற்காலத்தில் ஆங்கிலேயர்கள் அங்கே கைதிகளைக் கொண்டுபோய்க் குவித்ததால் அந்தப் பெயரே கசந்துபோனது. 1856-இல் அதை மாற்றினார்கள். மாற்றி வைத்த பெயர் டாஸ்மேனியா. அதிகாரியின் பெயர் போய் மாலுமியின் பெயர் வந்தது. அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த மக்களின் பெயர் அப்போதும் வரவில்லை.

சொந்த ஊர் நினைவிலும் பெயர் வைத்தார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பாருங்கள். 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் வேலணைக்கு லெய்டன், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று ஹாலந்து நகரங்களின் பெயர்களை வரிசையாக இட்டார்கள். ஆம்ஸ்டர்டாமும் லெய்டனும் வழக்கிலிருந்து மறைந்துவிட்டன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது என்றும் நெடுந்தீவுதான்.

வைத்த பெயர் ஒட்டாமல் போனதும் உண்டு. 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றி, 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று அறிவித்தார். அரசாங்கத் தாள்களில் வெகுகாலம் அப்படித்தான் எழுதினார்கள். மக்கள் வாயில் கமுகு மரம்தான் நின்றது.

பெயர் வைப்பதில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1767 ஜூலையில் தென்பசிபிக்கில் போய்க்கொண்டிருந்த ஓர் ஆங்கிலக் கப்பலில், முதலில் நிலத்தைக் கண்டவன் 15 வயதுப் பயிற்சி மாலுமி ராபர்ட் பிட்கேர்ன். தலைவர் அந்தப் பையனின் பெயரையே தீவுக்கு வைத்தார். ஆனால் வரைபடத்தில் இடத்தைத் தவறாகக் குறித்துவிட்டார்கள். தீர்க்கரேகையைத் துல்லியமாக அளக்கும் கடிகாரம் அவர்களிடம் இல்லாததால், தீவு சுமார் 330 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. 1789-இல் பவுண்டி என்ற கப்பலில் கலகம் செய்த மாலுமிகள், தூக்குத் தண்டனைக்குப் பயந்து ஒளிய இடம் தேடினார்கள். படத்தில் தவறான இடத்தில் இருக்கும் தீவைவிட நல்ல மறைவிடம் எது? 1790-இல் பிட்கேர்னில் இறங்கிக் கப்பலை எரித்துவிட்டார்கள். 1808-இல் ஓர் அமெரிக்கக் கப்பல் தற்செயலாக அங்கே போகும்வரை அவர்கள் இருப்பது வெளியுலகுக்குத் தெரியாது. அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். சுமார் 50 பேர்தான்.

தவறிப் பிறந்த பெயர்கள்

கிரீன்லாந்து என்றால் பச்சை நிலம். அதன் பெரும்பகுதி பனிப்பாளம். ஐஸ்லாந்து என்றால் பனி நிலம். அங்கே கோடையில் புல்வெளிகள் பச்சைப்பசேலென்று இருக்கும். பெயர்கள் இடம் மாறிவிட்டன என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நடந்ததை ஐஸ்லாந்தின் பழைய கதைகள் தெளிவாகவே சொல்கின்றன. ஃப்ளோக்கி என்பவர் ஒரு கடுமையான குளிர்காலத்தில் ஆடுமாடுகளைப் பறிகொடுத்து, மலை மீதேறிப் பார்த்தபோது பனிக்கட்டிகள் அடைத்துக்கிடந்த கடல்நீட்சி ஒன்று கண்ணில் பட்டது. அந்த மனநிலையில் பனி நிலம் என்று சொல்லிவிட்டார். நூறாண்டுக்கு மேல் கழித்து, ஐஸ்லாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட எரிக் மேற்கே ஒரு நிலத்தைக் கண்டார். நல்ல பெயர் இருந்தால்தான் ஆட்கள் குடியேற வருவார்கள் என்று கணக்கிட்டுப் பச்சை நிலம் என்றார். வீட்டுமனை விற்கிறவர்கள் செய்வது போலத்தான். அங்கே வாழும் மக்கள் தங்கள் நாட்டைக் 'கலாலித் நுனாத்' என்கிறார்கள். 'கலாலித் மக்களின் நிலம்', அவ்வளவே.

கேனரி தீவுகளின் பெயர் கேனரி என்ற மஞ்சள் பறவையிலிருந்து வந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மை தலைகீழானது. ரோமானிய எழுத்தாளர் பிளினி, அங்கே பெரிய நாய்கள் இருந்ததால் அந்தப் பெயர் வந்ததாக எழுதினார். லத்தீனில் நாய்க்கு 'கானிஸ்'. நாயால் பெயர் பெற்ற தீவு, பிறகு தன் பெயரைப் பறவைக்குக் கொடுத்தது. மடகாஸ்கர் இன்னும் விசித்திரம். 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் மொகதிஷு நகரைப் பற்றிக் காதில் விழுந்ததை ஒரு தீவு என்று எண்ணிக்கொண்டார் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். யானையும் ஒட்டகமும் அங்கே உண்டு என்று வேறு எழுதினார். மடகாஸ்கரில் இரண்டும் கிடையாது. வேறொரு நிலத்தில் இருந்த நகரத்தின் பெயர் சிதைந்து, உலகின் நான்காவது பெரிய தீவின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

தீவே இல்லாத பெயரும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே 'சாண்டி தீவு' என்று ஒன்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வரைபடங்களில் இருந்தது. கூகுள் வரைபடத்திலும் கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று நேராக அந்த இடத்துக்கே போனது. தீவு இல்லை. அடியில் 1,300 மீட்டருக்கும் மேல் ஆழம். ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு நகலெடுத்து நகலெடுத்து நூறாண்டுக்கு மேல் உயிரோடு இருந்த பெயர் அது.

நம் வங்காள விரிகுடாவில் இதற்கு எதிரான கதை நடந்தது. 1970-இல் அடித்த பெரும்புயலுக்குப் பிறகு ஹரியபங்கா ஆற்றின் முகத்தில் மணல்திட்டு ஒன்று எழுந்தது. இந்தியா அதை நியூ மூர் என்றும் பூர்பாஷா என்றும் அழைத்தது. வங்கதேசம் தெற்கு தல்பட்டி என்றது. யாரும் நிரந்தரமாகக் குடியிருந்திராத அந்தத் திட்டுக்காக இரு நாடுகளும் பல ஆண்டுகள் வழக்காடின. 2010 வாக்கில் அது கடலுக்குள் போய்விட்டது. பெயர்கள் மட்டும் கோப்புகளில் தங்கின.

புதிதாகப் பிறந்து நிலைத்ததும் உண்டு. 1963 நவம்பர் 14 அன்று ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலடி எரிமலை ஒன்று வெடித்து மேலெழுந்தது. வடபுலப் புராணத்தின் நெருப்பு அரக்கன் சுர்ட்டரின் பெயரால் அதற்குச் சுர்ட்சி என்று பெயரிட்டார்கள். 1967 வரை அது குமுறிக்கொண்டே இருந்தது. ஓர் உயிர்கூட இல்லாத நிலத்தில் விதையும் பறவையும் எப்படி வந்து சேர்கின்றன என்று பார்ப்பதற்காக, ஆய்வாளர்களைத் தவிர யாரையும் அங்கே விடுவதில்லை.

தீவிடமிருந்து பறிபோன பெயர்

தீவுகள் மொழிகளுக்குச் சொற்களைக் கொடுத்திருக்கின்றன. செம்புக்கான ஆங்கிலச் சொல் சைப்ரஸ் தீவிலிருந்து வந்தது. பழங்காலத்தில் அங்கிருந்துதான் செம்பு நிறையக் கிடைத்தது. ஜெர்சி என்ற பின்னலாடை ஜெர்சி தீவிலிருந்து. இலங்கையின் பழைய பெயர்களில் ஒன்றான செரண்டிப்பை வைத்து 1754-இல் ஹோரஸ் வால்போல், 'எதிர்பாராமல் கிடைக்கும் நற்பேறு' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லையே உருவாக்கினார்.

இவையெல்லாம் இனிமையான கதைகள். பிக்கினியின் கதை அப்படிப்பட்டதல்ல. பசிபிக்கில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பவள வளையம் அது. ஊர்க்காரர்கள் 'பிக்கின்னி' என்பார்கள். 'பிக்' என்றால் தரை, 'நி' என்றால் தென்னை, தென்னந்தரை. 1946 மார்ச்சில் அமெரிக்கப் படை அங்கு வாழ்ந்த 167 பேரையும் வெளியேற்றியது. அணுகுண்டுச் சோதனை முடிந்ததும் திரும்பி வரலாம் என்று நம்பித்தான் அவர்கள் கிளம்பினார்கள். ஜூலை 1 அன்று முதல் குண்டு வெடித்தது. அடுத்த சில நாட்களில் பாரிஸில் லூயி ரேயார் என்பவர் தான் வடிவமைத்த நீச்சலுடைக்கு, செய்தித்தாள்களில் அடிபட்டுக்கொண்டிருந்த அந்தப் பெயரையே வைத்தார். 1958 வரை அங்கே 23 குண்டுகள் வெடித்தன. மண்ணிலும் தேங்காயிலும் கதிரியக்கம் ஏறியது. 1970-களில் திரும்பிப் போன சில குடும்பங்களையும் மறுபடி வெளியேற்ற வேண்டியதாயிற்று. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் உலகில் பெரும்பாலோருக்கு உடைதான் நினைவுக்கு வருகிறது. தென்னையும் அந்த மக்களும் பெயருக்குள் எங்கோ புதைந்துவிட்டார்கள். தீவுப் பெயர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் விட முடிவதில்லை.

திரும்பி வரும் பெயர்கள்

பெயரை மீட்டதில் முன்னோடி ஹைத்தி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள். புதிய நாட்டுக்கு அவர்கள் தேர்ந்த பெயர், தங்களுக்கு முன்பு அங்கே வாழ்ந்து, ஸ்பானியர் காலத்தில் அழிந்துபோன டைனோ மக்கள் சொன்ன பெயர். தங்களுடைய மொழிகூட இல்லை அது. அந்தத் தேர்வை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறையும்.

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹைடா மக்களின் தீவுகள் இருக்கின்றன. 1787-இல் அங்கே வந்த ஜார்ஜ் டிக்சன் தன் கப்பலின் பெயரை அவற்றுக்கு வைத்தார். ராணி சார்லட் தீவுகள். 2010-இல் 'ஹைடா குவாய்', அதாவது ஹைடா மக்களின் தீவுகள் என்று சட்டப்படி மாறின. அதற்காக நடந்த விழாவில் ஹைடா மக்கள் பழைய பெயரைத் தேவதாரு மரப்பெட்டி ஒன்றில் வைத்து, மரியாதையோடு அரசிடம் திருப்பிக் கொடுத்தார்கள். உங்கள் பொருள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பது போல. ஆஸ்திரேலியாவில், 120 கிலோமீட்டருக்கும் நீளமான உலகின் மிகப் பெரிய மணல் தீவுக்கு ஃபிரேசர் தீவு என்ற பெயர் இருந்தது. 2023-இல் அது புச்சுல்லா மக்களின் பெயருக்கே திரும்பியது. ஆங்கில எழுத்தில் முன்னால் ஒரு 'கே' இருக்கும், ஒலிக்காது. 'கரி' என்று சொல்ல வேண்டும். சொர்க்கம் என்று பொருள்.

நியூசிலாந்தில் நடந்தது வேறு மாதிரி. நாட்டின் இரண்டு பெரிய தீவுகளையும் எல்லோரும் வடக்குத் தீவு, தெற்குத் தீவு என்றே சொல்லிவந்தார்கள். அந்தப் பெயர்கள் ஒருபோதும் அதிகாரபூர்வமாக வைக்கப்படவே இல்லை என்று 2009-இல்தான் அங்கிருக்கும் புவியியல் வாரியம் கவனித்தது. 2013-இல் ஆங்கிலப் பெயர்களோடு மாவோரிப் பெயர்களையும் சேர்த்து அறிவித்தார்கள். வடக்குத் தீவு 'தெ இக்கா ஆ மாவுய்', மாவுய் என்ற முன்னோன் கடலிலிருந்து தூண்டில் போட்டு இழுத்த மீன். தெற்குத் தீவு 'தெ வைப்பவுனமு', பச்சைக்கல் கிடைக்கும் நீர்நிலம். எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம்.

சரி, கட்டுரையின் தொடக்கத்தில் விட்ட பசிபிக் கிறிஸ்துமஸ் தீவு என்ன ஆனது? 1979-இல் விடுதலை பெற்ற கிரிபாஸ் நாட்டின் பகுதியாகிவிட்டது. அந்த நாட்டின் மொழியில் 'ஸ்' ஒலிக்குத் தனி எழுத்து இல்லை. 'தி' என்று எழுதி 'ஸ்' என்று படிப்பார்கள். அதனால் 'கிரிபாதி' என்று எழுதிக் 'கிரிபாஸ்' என்கிறார்கள். அந்தப் பெயரே, ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஒருவரின் நினைவாக வைத்த கில்பர்ட் என்ற பெயர் அவர்கள் நாக்கில் புரண்ட வடிவம்தான். கிறிஸ்துமஸ் என்பதும் 'கிரிதிமதி' என்று எழுத்தாகி 'கிரிஸ்மாஸ்' என்று ஒலிக்கிறது. வந்தவன் கொடுத்த பெயரைத் தூக்கி எறியாமல், தங்கள் எழுத்தில் போட்டு அடையாளமே தெரியாமல் ஆக்கிவிட்டார்கள்.

இன்னொரு வழி, புதிய பெயரைச் சூட்டுவது. சிங்கப்பூரின் செந்தோசாவுக்கு முன்பு 'புலாவ் பிளாக்கங் மாத்தி' என்று பெயர். அதில் மரணத்தைக் குறிக்கும் சொல் இருக்கும். உல்லாசத் தலமாக்கத் திட்டமிட்டபோது, 1972-இல் அமைதி, நிறைவு என்று பொருள்படும் மலாய்ச் சொல்லை வைத்தார்கள். நம்முடைய சந்தோஷத்துக்கும் அதற்கும் மூலம் ஒன்றே. அந்தமானில் 2018 டிசம்பரில் மூன்று தீவுகளின் பெயர்கள் மாறின. 1857 எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலத் தளபதி ஹேவ்லாக்கின் பெயர் போய் ஸ்வராஜ் தீவு வந்தது. நீல், ஷகீத் தீவு ஆனது. ராஸ், நேதாஜியின் பெயரைப் பெற்றது. ஹேவ்லாக்கின் பெயர் போனதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. ஆனாலும் அந்தத் தீவுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழும் பழங்குடி மக்களின் மொழிகளில் ஒரு பெயரைத் தேடியிருக்கலாம் என்று தோன்றுகிறது. போன பெயரும் வந்த பெயரும் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவையே.

அதே அந்தமானில், மேற்குப் பக்கம் தனியாக ஒரு தீவு உண்டு. சுமார் 60 சதுர கிலோமீட்டர். அடர்ந்த காடு, சுற்றிலும் பவளப்பாறை. வரைபடத்தில் அதன் பெயர் வடக்கு சென்டினல். 'காவல்காரன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. அங்கே வாழும் மக்கள் வெளியாரை ஏற்பதில்லை. யாரும் நெருங்கக் கூடாது என்று இந்தியச் சட்டமும் சொல்கிறது. அவர்கள் மொழி வெளியில் எவருக்கும் புரியாது. தங்கள் தீவை அவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. கரையில் நிற்கும் குழந்தைகளுக்குக்கூட அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.